ரோனா மெக்கார்வியின் பெடல் பலகை

டனீடன்,
7 பிப்ரவரி 1994

மதிப்புக்குரிய ரோனா மெக்கார்வி அம்மையாருக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. 'ஸ்லிப்வே' குழுவில் நீங்கள் விட்டுப்போன இடத்தில் இப்போது கிதார் வாசிக்கிறவன் நான். பெயர் டேரில் ரஸ்பேட்ச், ஊர் ஆக்லாந்து. உங்களோடு தொலைபேசியில் பேசப் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. "அவ போன எடுக்க மாட்டா. லெட்டர் போடு, படிச்சாலும் படிப்பா" என்று டிரம்மர் நெவில் சொன்னார். அதனால்தான் இந்தக் காகிதம்.

இன்வர்கார்கில் மேடையில் பாதிப் பாட்டில் நீங்கள் போட்டுவிட்டுப் போன, காலால் மிதித்துக் கிதாரின் ஒலியை மாற்றுகிற அந்தப் பெடல் பலகையை லாக்கி என்னிடம் கொடுத்திருக்கிறார். "ஸ்லிப்வேயோட சத்தமே இதுக்குள்ளதான் இருக்கு. எதையும் தொடாம வாசி" என்றார். அவர் பாடகர், அவருக்கென்ன தெரியும்? ஆக்லாந்தின் பெரிய இசைக்கருவிக் கடையில் நான்கு வருஷம் வேலை பார்த்தவன் நான். எத்தனையோ பெடல் பலகைகளைப் பார்த்திருக்கிறேன். சமையலறை அலமாரிக் கதவில் பெடல்களை ஒட்டி, கீலைக்கூடக் கழற்றாமல் மேடைக்குக் கொண்டுவந்தவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

கதவை விடுங்கள். டிலே பெடலை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் மாட்டியிருக்கிறீர்கள். புதிதாகக் கிதார் வாங்கிய பையனுக்குக்கூடத் தெரியும், முதலில் கிதாரின் ஒலியைக் கரகரப்பாக்கிவிட்டு அதற்குப் பிறகுதான் எதிரொலி சேர்க்க வேண்டும். நீங்கள் எதிரொலியையும் சேர்த்துக் கரகரப்பில் போட்டு அரைத்திருக்கிறீர்கள். போதாததற்கு அந்த இரண்டு பெடலும் கோணலாக, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன். வரிசையை மாற்றி, இடைவெளி விட்டு, நேராக ஒட்டியிருக்கிறேன். முன்னால் என் சுவிட்ச் பெட்டியை வைத்திருக்கிறேன். அதில் ஒரு பட்டனை அழுத்தினால் மூன்று பெடலும் வேண்டியபடி மாறிக்கொள்ளும். மேடையில் தவளை மாதிரித் தாவ வேண்டியதில்லை.

கீச்சொலியைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழ்கள் எல்லாம் கடைசிவரை திருகியிருந்தன. யாருக்காக வாசித்தீர்கள், நாய்களுக்கா?

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. கடைசியில் ஒரு இருமல் மாத்திரை டப்பா இருக்கிறது. பெயர் இல்லை, குமிழ் இல்லை. உள்ளே ஏதோ கனமாக இருக்கிறது. அது எதற்கு? வெறும் அழகுக்கு என்றால் எடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
டேரில் ரஸ்பேட்ச்


பிளஃப்,
15 பிப்ரவரி 1994

டேரில் தம்பிக்கு,

'அம்மையார்' என்று எழுதாதே. இந்த ஊரில் அந்தப் பட்டம் வங்கி மேலாளரின் மனைவிக்கு மட்டும்தான். அவளும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இங்கே மீன் கொட்டகையில் காட் மீன் அறுக்கிறேன். நாள் முழுக்க என் முன்னால் மீன்கள் வாயைத் திறந்தபடி கிடக்கின்றன. ஆனாலும் அவற்றில் ஒன்றுகூட ஆக்லாந்துக் கடையில் நான்கு வருஷம் நின்றதாகப் பீற்றிக்கொண்டதில்லை.

சரிசெய்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். யார் உன்னிடம் பழுது என்று சொன்னது? ஒரு வீட்டுக்குள் போய் அடுப்பையும் கட்டிலையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, வீட்டுக்காரிக்கு நல்லது செய்துவிட்டதாகக் கடிதம் போடுகிற ஆள் நீ.

உன் சுவிட்ச் பெட்டி மூன்று பெடலையும் தானே மாற்றும் என்கிறாய். நல்லது. அடுத்து தானே வாசிக்கிற கிதார் ஒன்று வரும், அதையும் வாங்கு. அப்புறம் நீ மேடைக்கு வர வேண்டியதில்லை, லாக்கிக்கும் வேனில் இடம் மிச்சம்.

நாய்களைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். நாய்கள் கடைசிவரை இருந்து கேட்கும். லாக்கியின் நண்பர்களைப் போல மூன்றாவது பாட்டில் பாருக்கு நழுவாது.

அந்த டப்பாவா? கழற்றிப் போடு. கடைக்காரன்தானே, தெரிந்துகொள்வாய்.

ரோனா


டிமரு,
3 மார்ச் 1994

ரோனா அவர்களுக்கு,

கழற்றினேன். சந்தோஷமா?

ஓமருவில் கச்சேரி. லாக்கி பாட ஆரம்பிக்கும் முன்பே இரண்டு ஆம்ப்ளிஃபையர்களிலிருந்தும் ஒரு உறுமல் கிளம்பியது. முன்வரிசையில் ஒரு ஆள் எழுந்து, "யாருப்பா ஃப்ரிட்ஜ மேடைக்குத் தூக்கிட்டு வந்தது?" என்றான். அரங்கமே சிரித்தது. வேனுக்குப் போய் டப்பாவைத் திறந்து பார்த்தேன். உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர். ஒரே கிதாரை இரண்டு ஆம்ப்களுக்குப் பிரித்து அனுப்பும்போது வருகிற உறுமலைத் தடுப்பதற்காக வைத்தது. இதை ஒரு வரியில் எழுதியிருக்கலாம். நீங்கள் எழுதவில்லை. என்னை நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்த வேண்டும், அதுதான் உங்களுக்கு முக்கியம்.

அது போகட்டும். 'உப்புக் கொட்டகை' பாட்டில் எல்லோரும் நிறுத்திவிட, கிதாரின் எதிரொலி மட்டும் நிற்கிற இடம் இருக்கிறதே, அங்கே என் சுவிட்ச் பெட்டியை அழுத்தினேன். ஸ்பீக்கரில் 'டப்' என்று யாரோ கதவைச் சாத்தியதுபோல ஒரு சத்தம். எதிரொலியும் நான் வைத்த வரிசையில் சுத்தமாக, அழகாக, ஆனால் எங்கோ பக்கத்துத் தெருவில் கேட்கிற மாதிரி மெல்லிசாக வந்தது. பின்னாலிருந்து ஒருத்தன் "ரோனா எங்கடா?" என்று கத்தினான்.

வேனில் லாக்கி என்னைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்: "தொடாதன்னு சொன்னேன்ல? அவ குடிச்சிட்டு மிதிச்சாக்கூட அது பாட்டா இருந்துச்சு. நீ தெளிவா நின்னு மிதிக்கிற, பால் கறக்கிற மெஷின் ஓடுற மாதிரி இருக்கு."

ஆக, விஷயம் எனக்குத் தெரியும். நீங்கள் இன்வர்கார்கிலில் குடித்துவிட்டு மேடையேறி, வாசிக்க முடியாமல் கிதாரைக் கீழே போட்டுவிட்டு ஓடியவர். அப்படிப்பட்டவர் எனக்கு வீட்டுக்காரி, அடுப்பு, கட்டில் என்று பாடம் எடுக்க வேண்டாம்.

இருந்தாலும் கேட்கிறேன். மே மாதம் டனீடன் டவுன் ஹாலில் கச்சேரி. அதற்குப் பிறகு மெல்பர்ன். அதற்குள் 'உப்புக் கொட்டகை' பழைய மாதிரிக் கேட்காவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாக லாக்கி சொல்லிவிட்டார். பழைய வரிசை என்ன? ஏன் அப்படி?

டேரில்


பிளஃப்,
10 மார்ச் 1994

டேரில்,

சிப்பி சீசன் தொடங்கிவிட்டது. கையெல்லாம் கீறல். இந்தக் கையால் உனக்கு எழுதுவது என் போர்டுக்காக. அதை நீ அலங்கோலப்படுத்தி வைத்திருப்பதை நினைத்தால் சிப்பிக் கத்தி விரலில் ஏறுகிறது.

முதலில் கிதார். அதிலிருந்து நேராக ஃபஸ் பெடல். நடுவில் எதுவும் கூடாது, உன் சுவிட்ச் பெட்டி கூடவே கூடாது. ஒலியைப் பிசிறடிக்க வைக்கிற அந்த ஃபஸ் பழைய கிறுக்குப் பிடித்த சாமான். கிதாரோடு நேரடியாகப் பேசினால்தான் அது பாடும், நடுவில் ஆள் வைத்தால் இருமும். அடுத்து டிலே. அதற்கு அப்புறம் டிஸ்டார்ஷன். பிறகு டப்பா, அதிலிருந்து இரண்டு ஆம்ப்களுக்கும்.

ஏன் என்று கேட்கிறாய். உன் வரிசையில் எதிரொலி என்பது நீ சொன்னதையே அடக்கமாகத் திருப்பிச் சொல்கிற வேலைக்காரன். என் வரிசையில் நீ ஓங்கி அடிக்கும்போது டிஸ்டார்ஷன் உன் அடியால் நிரம்பிப்போய் எதிரொலியைக் கீழே அமுக்கிவைக்கும். நீ கையை எடுத்த நொடியில் அதை அமுக்க ஆள் இல்லை. அது எழுந்து நிற்கும். உன்னைவிடப் பெரிதாக நிற்கும். 'உப்புக் கொட்டகை'யில் எல்லோரும் நிறுத்துகிற இடத்தில் கேட்டது அதுதான். அரைத்திருக்கிறேன் என்று நீ சொன்னாயே, அந்த அரைத்த மாவில்தான் லாக்கி இத்தனை வருஷம் ரொட்டி சுட்டுத் தின்றான்.

அந்த இரண்டு பெடலும் ஏன் கோணலாக ஒட்டி நிற்கின்றன என்றால், ஒரே மிதியில் இரண்டையும் சேர்த்து எழுப்புவதற்காக. குதிகால் ஒன்றில், முன்பாதம் ஒன்றில். ஆம்பிளை பூட்ஸ் வேண்டும். நீ போடுவது கேன்வாஸ் ஷூவாகத்தான் இருக்கும். போய் மாற்று.

இன்னொன்று. மிதிக்கும்போது கீழே பார்க்காதே. கீழே பார்க்கிறவன் எப்போதும் தாமதமாகத்தான் மிதிப்பான்.

நான் குடித்திருந்தேனா என்று கேட்டால், ஆமாம், குடித்திருந்தேன். நல்ல விஸ்கி. உனக்கு அதில் ஏதாவது சிரமமா?

ரோனா


கிறைஸ்ட்சர்ச்,
29 மார்ச் 1994

ரோனா,

நீங்கள் சொன்னபடியே மாட்டினேன். வாய் திறந்து நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்தால் காத்திருங்கள். நான் போட்ட பசையைச் சுரண்டி எடுக்க ஒரு பகல் போயிற்று. நெவிலின் பண்ணை பூட்ஸை இரவல் வாங்கினேன், அதில் ஆட்டுப் புழுக்கை வாடை. வேனில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

நேற்றைக்கு இங்கே கச்சேரி. 'உப்புக் கொட்டகை'யில் எல்லோரும் நிறுத்தினார்கள். நான் மிதித்தேன், கையை எடுத்தேன். அது எழுந்து வந்தது. என் கிதாரிலிருந்து வந்ததுதான், ஆனால் நான் வாசித்த மாதிரி இல்லை. பாரில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவன் தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். லாக்கி மைக்கிலிருந்து தள்ளிப்போய் என்னிடம் "இதான்டா" என்றார். உங்கள் முறை மட்டமானது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் வேலை செய்கிறது.

ஒரே ஒரு தொல்லை. ட்ரெபிளையும் குமிழ்களுக்குப் பக்கத்தில் நீங்கள் டேப் ஒட்டிக் குறித்த அடையாளங்களிலேயே வைத்திருந்தேன். முன்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் முதல் பாட்டிலேயே காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கே பல்லெல்லாம் கூசியது. டேப் அடையாளங்களைப் பார்த்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக நான்கைந்து இருக்கின்றன. மிகப் பழையது பாதியில். அதற்கு அடுத்தது கொஞ்சம் மேலே. அப்படியே ஒவ்வொன்றாக ஏறி, கடைசியில் குமிழ் திரும்பவே இடமில்லாத இடத்தில்.

நெவிலிடம் இன்வர்கார்கில் பற்றிக் கேட்டேன். "ஒரே பாட்டுல மூணு தடவ கம்பிய முறுக்கினா. ட்யூனர்ல பச்ச லைட்டு எரியுது, சுதி சரியாத்தான் இருக்கு, என் கண்ணாலயே பாத்தேன். அப்பவும் விடாம திருகுறா. குடிச்சா அப்படித்தானே?" என்றார்.

குடித்தவர்களை நானும் மேடையில் பார்த்திருக்கிறேன். அவர்கள் சுதி சேர்ந்திருக்கிறதா என்று கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

நீங்கள் குடித்திருக்கவில்லை. உங்களுக்குக் காது கேட்கவில்லை. சரியா?

டேரில்


பிளஃப்,
6 ஏப்ரல் 1994

டேரில்,

நீ புத்திசாலி என்று உன்னிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உன் அம்மாவாகத்தான் இருக்கும். பாவம், வேறென்ன சொல்ல முடியும் அவளால்.

துப்பறிந்துவிட்டாய். இனி முழுக் கதையையும் கேட்டுக்கொண்டு போ, அரைகுறையாக வைத்துக்கொண்டு வேனில் கற்பனை பண்ணாதே. நெவிலின் சிம்பல் தட்டு என் இடது காதிலிருந்து கை நீட்டினால் தொடுகிற தூரம். பதினாறு வருஷம் அங்கேதான் நின்றேன். முதலில் போனது கெட்டிலின் விசில். தண்ணீர் வற்றி அடி கருகுகிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மேலே இருக்கிற ஸ்வரங்களெல்லாம் கம்பளி போர்த்திக்கொண்டன. ட்ரெபிளைக் கூட்டினேன். மறுபடியும் கம்பளி. மறுபடியும் கூட்டினேன்.

அதோடு நின்றிருந்தால் சமாளித்திருப்பேன். இன்வர்கார்கிலில் இடது காது வேறொரு வேலையை ஆரம்பித்தது. ஒரே ஸ்வரம் வலது காதில் ஒரு சுதியிலும் இடது காதில் அதைவிடச் சற்று ஏறியும் விழுந்தது. என் கிதார் இரண்டாகி, இரண்டும் ஒன்றோடொன்று சண்டை. பச்சை விளக்கை நானும் பார்த்தேன். விளக்கை நம்புவதா, காதை நம்புவதா? என் வாழ்க்கையில் அதுவரை காதை நம்பித்தான் எல்லாம் செய்திருக்கிறேன். திருகினேன். இன்னும் மோசம். லாக்கி திரும்பி முறைத்தான். கிதாரைக் கீழே வைத்துவிட்டு நடந்தேன். இரண்டு நாள் கழித்து டனீடன் டாக்டர் ஒரு படம் வரைந்து காட்டினார். கோடு நேராகப் போய் மலையுச்சியிலிருந்து விழுகிற மாதிரி விழுந்தது. திரும்ப ஏறாது என்றார்.

குடித்துவிட்டாள் என்று லாக்கிதான் முதலில் சொன்னான். நான் மறுக்கவில்லை. ஏன் என்று உன் ஆக்லாந்து மூளைக்கு எட்டாது, நானே சொல்கிறேன். குடிகாரியை மறுபடி கூப்பிடுவார்கள். ஒரு வருஷம் போனதும் குடியை விட்டுவிட்டேன் என்று போய் நின்றால், லாக்கி முதுகில் தட்டி உள்ளே விடுவான். அவனே அப்படி இரண்டு தடவை வந்தவன். செவிடியை எவனும் கூப்பிட மாட்டான். நீயே கூப்பிட மாட்டாய்.

காது திரும்பாது என்று தெரிந்தும் அப்படி ஒரு நினைப்பு. சிரிப்பாக இருந்தால் சிரித்துவிட்டுப் போ.

ஆனால் இதை வெளியே சொன்னாயென்றால், இன்வர்கார்கிலிலிருந்து டனீடனுக்கு ரயில் இருக்கிறது. சிப்பிக் கத்தியோடு வருவேன். எனக்காக வருத்தப்பட்டு ஒரு வரி எழுதினாலும் அப்படித்தான்.

ட்ரெபிளைப் பாதிக்கு இறக்கிக்கொள். இனி எழுதாதே.

ரோனா


பிளஃப்,
19 மே 1994

டேரில்,

சொல்லிவிட்டாய்.

என் பக்கத்து மேஜையில் சிப்பி உடைக்கிற பாலின், சனிக்கிழமை டவுன் ஹால் கச்சேரிக்கு வந்திருந்தாள். எனக்குத் தெரியாமல் டிக்கெட் வாங்கியிருக்கிறாள். திங்கட்கிழமை காலையில் நான் ஏப்ரன் கட்டுவதற்குள் வந்து என் தோளைப் பிடித்தாள். கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது.

"ரோனா, ஏண்டி சொல்லல? காது கேக்காதாமே உனக்கு! அந்தப் பாடகன் மேடையில நின்னு சொன்னான் பாரு, எனக்கு உசுரே போச்சு. 'எங்க ரோனா இன்னிக்கி அமைதியான உலகத்துல இருக்கா. அவளுக்குக் கேக்காத பாட்ட அவளுக்காகப் பாடப்போறோம், எல்லாரும் லைட்டர ஏத்துங்க'ன்னான். ஊரே ஏத்துச்சுடி. பக்கத்து சீட்டுக்காரன் என் மடியில விழுந்து அழுதான்."

அமைதியான உலகமாம். என் காதில் நாள் முழுக்க ஒரு ரம்பம் ஓடுகிறது. அதை வந்து கேட்கச் சொல் லாக்கியை.

அந்தப் பேச்சு முடிந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பாலின் கிளம்பிவிட்டாளாம். அதனால் அப்புறம் எப்படி வாசித்தாய் என்று சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. நன்றாகத்தான் வாசித்திருப்பாய். கூட்டம் அழுதுகொண்டிருக்கும்போது வாசிப்பதற்கு என்ன கஷ்டம்?

இப்போது கொட்டகையில் என்ன நடக்கிறது தெரியுமா? எல்லோரும் என் முகத்துக்கு நேரே வந்து வாயை அகலமாகத் திறந்து, "ரோ...னா, டீ... வே...ணு...மா?" என்கிறார்கள். நேற்றுவரை "ஏய், டீ வேணும்னா போய்ப் போட்டுக்கோ" என்றவர்கள். சூப்பர்வைசர் என்னைக் கத்தி மேஜையிலிருந்து மாற்றி, பெட்டி மடிக்கிற இடத்தில் உட்கார வைத்திருக்கிறார். பாதுகாப்புக்காம். நான் சிப்பியைக் காதாலா உடைக்கிறேன்?

லாக்கியிடம் இனி எந்த முகத்தோடும் போய் நிற்க முடியாது. பாட்டுக்கு நடுவில் சொல்கிற உருக்கமான கதை ஆகிவிட்டேன். செத்தவர்களுக்குத்தான் அப்படிப் பேசுவார்கள்.

நீ வாய் திறக்காமல் இருக்க ஒரு சுவிட்ச் இருந்திருந்தால் நல்லது. உன் கடையில் கிடைக்கவில்லையா?

ரோனா


டனீடன்,
24 மே 1994

ரோனா,

எழுதாதே என்றீர்கள். ஆனாலும் நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும். படித்துவிட்டு அடுப்பில் போடுங்கள்.

ஏப்ரல் கடைசியில் வேனில் போய்க்கொண்டிருந்தோம். லாக்கி உங்களை மாதிரி நடித்துக் காட்டினார். தள்ளாடி, கம்பியைத் திருகி, நாக்கைத் தொங்கப்போட்டு. நெவில் சிரித்துச் சிரித்து இருமினார். எனக்கு வாய் கட்டுப்படவில்லை. "அவங்க குடிக்கல. காது போயிருச்சு. உங்க தட்டுதான் காரணம், நெவில்" என்று சொல்லிவிட்டேன். நெவில் வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கிப் போய் நின்றார். லாக்கி அழுதார். நிஜக் கண்ணீர். என்னைக் கட்டிக்கொண்டு "ஏண்டா இத முன்னாடியே சொல்லல?" என்றார். நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நானும் நம்பினேன். லாக்கி பிறகு உங்களைப் பார்க்க வருவார் என்று நினைத்தேன். அவர் பேச்சு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு வாரம் கண்ணாடி முன்னால் பழகினார் என்று நெவில் இப்போது சொல்கிறார்.

டவுன் ஹாலில் அந்தப் பேச்சை எல்லோரோடும் சேர்ந்துதான் நானும் முதல் தடவை கேட்டேன். பாட்டு தொடங்கியது. நிறுத்துகிற இடம் வந்தது. நான் மிதித்தேன், கையை எடுத்தேன். எதிரொலி எழுந்தது. அத்தனை லைட்டர்களுக்கு நடுவில் லாக்கி கண்ணை மூடி, கையை மேலே தூக்கினார். அந்தச் சத்தம் அவருடையது என்பதுபோல.

கிதாரிலிருந்து வயரைப் பிடுங்கினேன். எதையும் அணைக்காமல் பிடுங்கினால் எப்படி வெடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முன்வரிசையில் லைட்டர்கள் கீழே விழுந்தன. குனிந்து மற்ற வயர்களையும் கழற்றிப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். லாக்கி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "எங்கடா போற? பைத்தியமா உனக்கு?" என்றார்.

"போர்டு உங்களுது இல்ல."

"பாட்டு நடக்குதுடா!"

"அப்ப அழுங்க. அதான் நல்லா வருதே உங்களுக்கு."

மைக்கைச் சரியாகப் பொத்தவில்லை போலிருக்கிறது. பால்கனி வரை கேட்டதாம்.

மெல்பர்னுக்கு வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். புது போர்டு, புது பெடல்கள், எல்லாம் நேர்வரிசையில். நான் இங்கே ஒரு 'பை' பலகாரக் கடையில் தட்டு கழுவுகிறேன். ஆக்லாந்துக்குத் திரும்பிப் போக மனமில்லை. அங்கே இருப்பவர்களும் உங்களைப் போலவேதான் என்னைப் பற்றி நினைக்கிறார்கள், ஆனால் எழுதத் தெரியாது.

உங்கள் பலகையை இன்வர்கார்கில் ரயில் நிலையத்துக்கு, உங்கள் பெயருக்கு அனுப்பியிருக்கிறேன். எதையும் மாற்றவில்லை.

மன்னிப்புக் கேட்டால் அதற்கும் ஏதாவது சொல்வீர்கள். அதனால் கேட்கவில்லை.

டேரில்


பிளஃப்,
20 ஜூன் 1994

டேரில்,

போய் எடுத்துவந்தேன். பார்சல் அலுவலக ஆள் பொட்டலத்தைத் தட்டிப் பார்த்து, "என்னம்மா இது, கதவா?" என்றான். ஆமாம் என்றேன். கதவுக்கு எதற்கு இத்தனை பஞ்சு சுற்றியிருக்கிறது என்று கேட்டான். உன்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகள் கட்டினால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லவில்லை.

வயரைப் பிடுங்கியது முட்டாள்தனம். ஆம்பின் ஸ்பீக்கர் கிழிந்திருக்கும். ஆனாலும் அந்தப் பகுதியை இரண்டாவது தடவையும் படித்தேன்.

கிதாரை மாட்டி வாசித்துப் பார்த்தேன். முன்போலவேதான், இரண்டு கிதார், ஒரே சண்டை. ஒரு மணி நேரத்தில் மூடி வைத்துவிட்டேன். பிறகு பாலினின் கணவன் மெர்வ் வீட்டுச் சுவரில் தொங்குகிற பேஸ் கிதார் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வாசித்தானாம். அதற்குப் பிறகு அதில் தொப்பி மாட்டுகிறான். வாங்கிவந்து பலகையில் மாட்டினேன். அதன் தாழ்ந்த ஸ்வரங்களில் கீழே போகப் போக இரண்டு காதும் சண்டையை நிறுத்துகின்றன. கடைசிக் கம்பியில் இரண்டு காதுக்கும் ஒரே ஸ்வரம்தான். அதை அன்று முழுக்க அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தட்டினான். அவன் தட்டியதும் எனக்குக் கேட்கவில்லை, வேலி ஆடியதைப் பார்த்தேன்.

சனிக்கிழமைகளில் இங்கே ஊர் அரங்கில் சிப்பிப் படகுக்காரர்களின் நடனம். மெர்வ் அக்கார்டியன் வாசிப்பான், அவன் மைத்துனன் டிரம். நான் டிரம்மிலிருந்து மேடையின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டேன். முதல் பாட்டு பரவாயில்லை. இரண்டாவது பாட்டை நான் வேறு சுதியில் தொடங்கிவிட்டேன். மெர்வ் நிறுத்தினான், டிரம் நின்றது, நான் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். பார் பக்கத்திலிருந்து ஒரு படகுக்காரன், "என்ன ரோனா, மறுபடி ஏத்திட்டியா?" என்றான். நன்றாகவே கேட்டது. நீட்டி முழக்காமல் சொன்னான், அதனால்.

மைக்குக்குப் போனேன். லாக்கியைப் போலப் பேச்சு எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. "ஏத்தல. காது போச்சு. இடது தப்புத் தப்பாக் கேக்குது, வலது பாதி இருக்கு. பாட்டு எந்த சுதின்னு யாராவது கையக் காட்டுங்க, வாசிக்கிறேன்" என்றேன்.

சிலர் தரையைப் பார்த்தார்கள். லைட்டரைத் தேடுகிறார்களோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது ஆடுகிற இடத்தின் நடுவிலிருந்து பாலின் கத்தினாள். "எனக்கு முட்டி போயி ஆறு வருஷமாச்சு, நான் என்ன உக்காந்துட்டா இருக்கேன்? மெர்வு, கையக் காட்டித் தொலைய்யா! நீ வாசிடி!"

மெர்வ் விரலைக் காட்டினான். வாசித்தோம். பாலின் முட்டியோடு கடைசிப் பாட்டு வரை ஆடினாள். திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் போய் என் கத்தியைக் கேட்டு வாங்கிவிட்டேன்.

இப்போது அக்கார்டியனும் பேஸும் டிரம்மும் இருக்கின்றன. மேல் ஸ்வரங்களைக் கிதாரில் வாசிக்க ஆள் இல்லை. நீ என் முதல் யோசனை இல்லை. மெர்வின் மருமகனைத்தான் கேட்டேன், அவனுக்குச் சனிக்கிழமை ரக்பி. இன்வர்கார்கிலில் ஒரு பள்ளி ஆசிரியரைக் கேட்டேன், அவர் புல்லாங்குழல்தான் வாசிப்பாராம். மூன்றாவதாக நீ. நீ பெருமையடிக்கிறாய், வேண்டாத இடத்தில் ஸ்வரங்களைக் கொட்டுகிறாய், ரகசியம் தங்காத வாய். ஆனால் நான் தப்பான சுதியில் போனால், வருத்தப்படாமல் முகத்துக்கு நேரே சொல்வாய் என்று தெரிகிறது. மற்றவர்களுக்கு அதற்கே இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும்.

சம்பளம் என்று எதுவும் கிடையாது. பீரும் சிப்பியும் உண்டு. ஒத்திகை வியாழக்கிழமை. இன்வர்கார்கிலில் இறங்கி பஸ் மாற வேண்டும். நிறுத்தத்துக்கு யாரையும் அனுப்ப மாட்டேன். மழை பெய்துகொண்டிருக்கும். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, கடலைப் பார்த்தபடி நடந்து வா. மூன்றாவது வீடு. கதவைத் தட்டிப் பயனில்லை, திறந்துகொண்டு உள்ளே வா.

ரோனா